குன்னூரில் வீடு பார்க்கிறீர்களா? ஒரு ஐப்பசி இருந்து பாருங்கள்

குன்னூருக்குக் குடிவந்து இந்தச் சித்திரையோடு நான்கு வருடம் ஆகிறது. போன் செய்கிற சொந்தக்காரர்கள், உடன் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் நலம் விசாரித்த கையோடு கேட்பது ஒன்றுதான்: “நாங்களும் அங்கே ஒரு வீடு பார்த்துக்கொண்டு வந்துவிடலாமா?” ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒருமுறை விவரமாக எழுதிவிடுகிறேன். இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இது உதவாது. வாடகைக்கோ சொந்தத்துக்கோ வீடு பிடித்து, ரேஷன் கார்டை மாற்றிக்கொண்டு, இங்கேயே இருக்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

குடியிருக்கிற ஊராகக் குன்னூருக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் நான்கு தருவேன். அந்த நான்கையும் மனசாரத் தருகிறேன். மீதி ஒன்று எங்கே போனது என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு ஊர் திருச்சி. வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். மலை ரயிலுக்கு எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின்களைப் புதிதாகச் செய்து அனுப்பிய பணிமனை அது. அந்த வேலையாகக் குன்னூர் லோகோ ஷெட்டுக்குச் சில முறை வந்து போயிருக்கிறார். நான் தபால் ஆபீசில் இருந்தேன். நான் ஓய்வு பெற்ற வருடம், அக்னி நட்சத்திரத்தில், அத்தைக்கு உடம்பு முழுக்க வேர்க்குரு. இரண்டு முறை மயங்கி விழுந்தார்கள். அவர்களுக்கு இப்போது 79 வயது. “அம்மாவைக் கூட்டிக்கொண்டு குன்னூரில் ஒரு வருஷம் இருந்து பார்ப்போமா?” என்று இவர்தான் ஆரம்பித்தார். அந்த ஒரு வருடம்தான் நான்காகியிருக்கிறது.

ஊட்டிக்கு ஏன் போகவில்லை என்று கேட்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இந்த நானூறு மீட்டர் வித்தியாசம் வயசானவர்களின் முழங்காலுக்கு நன்றாகத் தெரியும். தை மாதம் ஊட்டியில் புல்வெளி எல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும்போது இங்கே ஒரு ஸ்வெட்டரும் மப்ளரும் போதும். இன்னொரு காரணமும் உண்டு, அது வந்து இருந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. டூரிஸ்ட் ஒருவர்கூட வராவிட்டாலும் குன்னூர் நடக்கும். வாரா வாரம் தேயிலை ஏலம் நடக்கிற ஊர் இது. 1907-ல் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கிறது, நாட்டுக்கே தடுப்பூசி மருந்து செய்த இடம். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்ட்கோசர்வ் இரண்டுக்கும் தலைமை அலுவலகம் இங்கேதான். பக்கத்தில் வெலிங்டன் ராணுவ முகாம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. அதனால் கடைத்தெருவில் காலை ஏழு மணிக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடம், டைலர், குக்கர் ரிப்பேர், செருப்புத் தைக்கிறவர் என்று குடும்பத்துக்கு வேண்டியது எல்லாம் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும். ஒரு ஊரில் குடியிருக்க இதைவிட என்ன வேண்டும்?

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

நாங்கள் வீடு பார்க்க வந்தது ஏப்ரல் மாதம். ஓட்டுப்பட்டறைப் பக்கம், ரோட்டிலிருந்து 42 படி இறங்கவேண்டும். இரண்டு படுக்கையறை, முன்னால் சின்னத் திண்ணை, எதிரே பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை. வாடகை 12,000. பின்பக்கச் சுவருக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தது. “உங்களுக்காகத்தான் அடித்தோம்” என்றார் புரோக்கர். நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஐப்பசி பிறந்த இரண்டாவது வாரம் அந்தச் சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர். கட்டிலைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போட்டோம். பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்த அத்தையின் பட்டுப் புடவைப் பெட்டியைத் திறந்தபோது, அவர்கள் கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குப் புடவையின் மடிப்பில் எல்லாம் சாம்பல் பூத்தது போலப் பூஞ்சை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, புடவையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் புரோக்கர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. சுவர் ஊறும் என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் பெட்டியை வேறு அறையில் வைத்திருப்பேன்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். நீலகிரியில் எல்லா இடத்துக்கும் மழை ஒரே நேரத்தில் வருவதில்லை. கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டும். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் பெய்த மழையில் இந்தச் சுற்று வட்டாரத்தில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஊரில் யாரிடம் பேசினாலும் அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். ஆனால் வீடு பார்க்க வருகிற எல்லாரும் சித்திரை, வைகாசியில் வருகிறார்கள். அப்போது எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடி உயரத்துக்குக் கருங்கல் தடுப்புச் சுவர். அதற்கு மேலே அடுத்த வீட்டுத் தரை. முதல் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை, கரண்ட் போய் இரண்டு நாள். ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டிப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கையில் டார்ச். “தங்கச்சி, பின்னால போய் துளையைப் பார்த்தியா?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குடையைப் பிடித்து என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். அந்தக் கல்சுவரில் வரிசையாகக் கைவிரல் நுழைகிற அளவில் துளைகள் விட்டிருக்கிறார்கள். நான் எட்டு மாதமாகத் தினமும் அந்தச் சுவரைப் பார்க்கிறேன், துளையைக் கவனித்ததே இல்லை. டார்ச்சை ஒவ்வொரு துளையாக அடித்துக் காட்டினார். எல்லாவற்றிலும் தண்ணீர் கம்பி போல வந்துகொண்டிருந்தது. ஒன்றின் கீழே உள்ளங்கையைப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

“தெளிஞ்சு வருது. இப்படி வந்தா தூங்கலாம். கலங்கி வந்தா மண்ணு கரையுதுன்னு அர்த்தம். மழை விடாம இருக்கும்போது தண்ணி வர்றது நின்னுபோச்சுன்னா, உள்ள அடைச்சிக்கிச்சு, சுவரு வயித்தைத் தள்ளும். அப்ப எதையும் எடுக்காத, அத்தையை மட்டும் கூட்டிட்டு மேல ரோட்டுக்கு வந்துடு.”

அந்த அக்கா குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது, அதுதான் இப்போதைய டான்டீ. அவருடைய அம்மா அங்கேயும் கொழுந்து பறித்தவர், இங்கேயும் கொழுந்து பறித்தவர். மலைச் சரிவில் எப்படி இருக்கவேண்டும் என்பது அவர்களுக்கு இரண்டு தலைமுறைப் பாடம். இப்படி ஒரு அக்கம்பக்கம் அமைந்ததுதான் குன்னூரில் எனக்குக் கிடைத்த பெரிய வசதி. அதற்கு எத்தனை நட்சத்திரம் தருவது என்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் அடுத்த சங்கதி. இவ்வளவு மழை பெய்கிற ஊரில் தண்ணீருக்கு என்ன குறை என்று நினைப்பீர்கள். ஊருக்குத் தண்ணீர் தருவதில் முக்கியமானது ரேலியா அணை. அது சின்ன அணை. மாசி, பங்குனியில் மட்டம் இறங்கிவிடும். எங்கள் தெருவில் மழைக்காலத்தில் நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும், கோடையில் பத்து நாளும் ஆகியிருக்கிறது. வீடு பார்க்கும்போது பால்கனியை அப்புறம் பாருங்கள், முதலில் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். 2,000 லிட்டருக்குக் குறைந்தால் மூன்று பேருக்குப் பத்தாது. நாங்கள் 500 லிட்டர் டிரம் இரண்டு வாங்கி, கூரைத் தண்ணீரைப் பிடித்துவைக்கிறோம். துணி, பாத்திரம் எல்லாம் அதில்தான்.

சமையலுக்கு நான் பழக ஒரு வருடம் ஆனது. இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பார்க்க நன்றாகத் தளதளவென்று கொதிக்கும், ஆனால் துவரம்பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் பருப்பு வைக்கிற எண்ணமே வேண்டாம். அதைவிடப் பெரிய பாடு தோசை மாவு. திருச்சியில் ராத்திரி கரைத்து வைத்தால் விடியும்போது பாத்திரம் வழிந்து நிற்கும். இங்கே முதல் தடவை அரைத்த மாவு மறுநாள் சாயந்திரம்வரை அரைத்தபடியே இருந்தது. ஆப்ப சோடா போட்டுப் பார்த்தேன், இட்லி மஞ்சளித்துப் போனது. அப்புறம் அதே அக்காதான் வழி சொன்னார். உளுந்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, அரைக்கும்போதும் வெதுவெதுப்பான தண்ணீரே விட்டு, உப்பைப் போட்டுக் கையால் நன்றாகக் கலக்கவேண்டும். கரண்டியால் கலக்கினால் போதாது. பிறகு தூக்குச்சட்டியை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் பழைய கம்பளித் துணியை அடைத்து, குளித்து முடித்த வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தால், பதினாறு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். தை மாதத்தில் இருபது மணி நேரம். இப்போது எங்கள் வீட்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு அத்தை குறை சொல்வதில்லை. அப்பளத்தையும் உப்பையும் தீப்பெட்டியையும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வைக்கவேண்டும். தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்து உருக்கவேண்டும், வெயில் வருகிற அன்றைக்கு.

காய்கறிக்கு இந்த ஊரை அடித்துக்கொள்ள முடியாது. மார்க்கெட் பழசு, நெருக்கடி, மழை பெய்தால் வழுக்கும். ஆனால் காலை எட்டு மணிக்குள் போனால் கேத்தி பள்ளத்தாக்குக் கேரட் மண்ணோடு வந்து இறங்கியிருக்கும். கடித்தால் கரும்பு போல இருக்கும். சௌசௌவை இங்கே மேரக்காய் என்கிறார்கள். பிஞ்சு மேரக்காய் பொரியலுக்கு நிகரே இல்லை. அவரையும் பச்சைப் பட்டாணியும் சீசனில் குவிந்து கிடக்கும். வைகாசி, ஆனியில் பிளம்ஸ். பர்லியாறிலிருந்து மங்குஸ்தான் வரும்போது ஒரு கிலோவாவது வாங்கிவிடுவேன். தேயிலைத்தூளைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக் கடைகளில் வாங்குங்கள், நன்றாக இருக்கும், சிறு விவசாயிக்கும் போய்ச் சேரும். பச்சைத் தேயிலைக்கு நியாயமான விலை கேட்டு இங்கே படுகர் கிராமங்களில் எத்தனை வருடமாகப் போராடுகிறார்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டீயோடு வர்க்கி. 2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை ஆறிய டீயில் நனைக்காதீர்கள், சூடான டீயில் மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

வீட்டுக்காரருக்கு இந்த ஊரில் பிடித்தது ரயில். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை வந்த பாதை, 1908-ல் ஊட்டிவரை நீண்டது. கல்லாரிலிருந்து குன்னூர்வரை பல்சக்கரத் தண்டவாளம், பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். காலை பத்தரை வாக்கில் நீராவி எஞ்சின் குன்னூரில் வந்து நிற்கும், இங்கிருந்து ஊட்டிக்கு டீசல் எஞ்சின் மாற்றுவார்கள். இவர் பத்து மணிக்கே ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவார். சத்தத்தை வைத்தே இன்றைக்கு எந்த எஞ்சின், ஏற்றத்தில் திணறியதா இல்லையா என்று வந்து சொல்வார். உள்ளூர்க்காரர்களுக்கு உபயோகம் குன்னூர்–ஊட்டி பாசஞ்சர்தான். மேட்டுப்பாளையம் பாதையில் ஐப்பசி மழைக்கு அடிக்கடி மண் விழுந்து நாள்கணக்கில் வண்டி ஓடாது, அதை நம்பிப் பயணம் போடாதீர்கள்.

காட்டு மாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புத்தகத்தில் காட்டெருமை என்பார்கள், இங்கே காட்டு மாடு என்றால்தான் எல்லாருக்கும் புரியும். ஒருநாள் காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட் எடுக்கப் படி ஏறினேன். நல்ல மூடுபனி. இருபதாவது படியில் மூச்சுச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் ஐந்து படி மேலே, படியை அடைத்துக்கொண்டு ஒன்று. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது மாதிரி கால், அதற்கு மேலே கறுப்பாக ஒரு சுவர். என் கண்ணுக்கு நேராக அதன் தாடைச் சதை தொங்கியது. திரும்பி ஓடக்கூடாது, பேசக்கூடாது, முகத்தில் டார்ச் அடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முதுகைக் காட்டாமல் ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கினேன். அது என்னைப் பார்த்தது, தலையை ஒரு தடவை ஆட்டியது, பக்கத்துத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. பயம் தெளிய ஒரு மணி நேரம் ஆனது. ஆனாலும் அப்படிப் பக்கத்தில் பார்த்ததை என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். கரடி அப்படியில்லை. எண்ணெய் வாசனைக்குக் கதவையே உடைக்கும். விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், தின்பண்டம் எதையும் ராத்திரி வெளியே வைக்கக்கூடாது, குப்பையையும்தான்.

சீசனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் சனி, ஞாயிறு வெளியே போகமாட்டோம். மேட்டுப்பாளையம் சாலை, 14 கொண்டை ஊசி வளைவு, முழுக்க வண்டி. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். தந்தி மாரியம்மன் கோவில் திருவிழாவும் அந்த நேரத்தில்தான், அதற்கு மட்டும் நடந்து போய்விடுவோம்.

வைத்தியம். காய்ச்சல், பிரஷர், சர்க்கரைக்கு ஊரிலேயே அரசு லாலி மருத்துவமனை இருக்கிறது. ஊட்டியில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஆனால் இதயம், மூளை என்று பெரிதாக வந்தால் இன்னமும் நிறையப் பேர் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். சுமார் 70 கிலோமீட்டர், அதில் பாதி மலைப்பாதை. வீட்டில் இதய நோயாளி இருந்தால் நன்றாக யோசியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மலைக்காற்று நல்லது என்று வருகிறார்கள். ஈரச் சுவரும் பூஞ்சையும் இருக்கிற வீட்டில் அது கூடும். டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். எங்கள் அத்தைக்கு மயக்கம் நின்றது, தூக்கம் வந்தது. 42 படிதான் அவர்களுக்குச் சிறை. மாதம் இரண்டு தடவை நாங்கள் இருவரும் கைத்தாங்கலாக ஏற்றி, சிம்ஸ் பூங்காவில் ருத்ராட்ச மரத்தடியில் உட்காரவைப்போம். இன்னொரு தடவை வீடு பார்த்தால் ரோட்டோரமாகத்தான் பார்ப்பேன்.

என்னை உண்மையாகவே வருத்துகிற விஷயம் ஒன்று உண்டு. எங்கள் வரிசையில் நாங்கள் வந்தபோது ஏழு வீட்டிலும் குடும்பங்கள் இருந்தன. இப்போது மூன்று வீடு, வாரக் கடைசிக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிற தங்குமிடம். அதில் ஒன்றில் பதினோரு வருடம் இருந்த குடும்பத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற குடும்பம், அருவங்காட்டுக்கு மேலே எங்கேயோ போய்விட்டார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அந்த வீடுகளில் விளக்கு எரிவதில்லை. மழை ராத்திரியில் தட்டினால் கதவைத் திறக்க அங்கே ஆளும் இல்லை, எங்கள் கதவைத் தட்டிச் சொல்ல ஆளும் இல்லை. வெளியூர்க்காரர்களாகிய நாங்களும் கூடுதல் வாடகைக்குச் சம்மதித்துத்தானே வந்தோம் என்பது எனக்கு உறுத்துகிறது. நிலம் வாங்கிப் பெரிதாகக் கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: மலைப்பகுதி என்பதால் கட்டட அனுமதி கடுமை, ஏழு மீட்டருக்கு மேல் உயரம் கூடாது. அந்த விதி இன்னும் கண்டிப்பாக இருக்கவேண்டும் என்பதே என் எண்ணம். சரிவை வெட்டி ஒருவர் கட்டினால் அதற்கு மேலேயும் கீழேயும் இருக்கிறவர்கள்தான் ஐப்பசியில் விழித்திருக்க வேண்டும்.

அதனால் வாங்கிவிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வாங்காதீர்கள், முதலில் வாடகைக்கு வாருங்கள். பதினோரு மாத ஒப்பந்தம் போடுங்கள், ஆனால் புரட்டாசியில் குடிவாருங்கள். அந்த ஐப்பசியும் கார்த்திகையும் உங்களுக்குச் சரிப்பட்டால் மற்ற மாதங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மார்கழிக் காலையில் மழை கழுவிவிட்ட வானத்தில் வெயில் ஏறி, தேயிலை முழுக்க ஆவி பறக்கும்போது திண்ணையில் நீங்களே உட்கார்ந்து பார்ப்பீர்கள்.

எங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இன்னொரு பதினோரு மாதத்துக்கு எழுதச் சொல்லிவிட்டோம். வீட்டு ஓனரிடம் இந்தத் தடவை ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், மழைக்கு முன்னால் தடுப்புச் சுவர்த் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பவேண்டும் என்று. சரி என்றிருக்கிறார். ஆவணியில் ஆள் வருகிறார். அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.